செயினுக்கு விட்ட எண்ணெய்

நான் மெல்பேர்ணுக்கு வந்த வாரமே குளிர் தொடங்கிவிட்டது. காலை ரயிலில் எதிரே இருவர் நின்றார்கள். இளையவர் சைக்கிளைப் பிடித்திருந்தார்.

"செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டனான், அண்ணை."

"விசரா! குளிருக்குப் போத்திலுக்குள்ளயே கட்டியாக் கிடக்கிற சாமானெல்லோ?"

"ஓம், ஹீற்றருக்குக் கிட்ட வைச்சு உருக்கித்தான் விட்டனான். நேற்று விடியப் பார்த்தா செயின் இறுகிப்போச்சு. ட்ருகனினாவில வேலை செய்யிற வெயார்ஹவுசுக்கு ஸ்டேசனிலயிருந்து நடந்துபோய்ப் பிந்திட்டன். இனியொருக்காப் பிந்தினா வரவேண்டாமெண்டு சுப்பவைசர் சொல்லிப்போட்டான்."

"பின்னேரம் சுடுதண்ணி ஊத்திக் கழுவு. சைக்கிள் எண்ணெய் நான் தாறன். கையுறை எங்கை?"

"கை விறைச்சாலும் மிதிக்கலாம், அண்ணை. செயின் விறைச்சா நடக்கத்தான் வேணும்."

ரயில் நின்றதும் இளையவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.