என் வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலி

...“வீட்ல போய்க் கேளுங்க”ன்னு அனுப்பிட்டாங்களாக்கும்! அதுவும் ஒரு கவிஞரை! கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்களைச் சொல்லல. அந்த அகாடமியைச் சொல்றேன். உட்காருங்க. அங்க வேணாம், அது ஆடும்... ஆங், இங்க.

எங்க வீட்டுக்காரர் ரசாயனம் படிச்சவர். அவர் போயிட்டாரு, அகாடமியில அவர் நாற்காலி காலி. இன்னொரு விஞ்ஞானியைப் போட வேண்டியதுதானே? மாட்டாங்களாம்! விஞ்ஞானி இடத்துக்குக் கலைஞராம், கலைஞர் இடத்துக்கு விஞ்ஞானியாம். அதான் அவர் இடத்துக்கு நீங்க. வர்றவர் போனவரைப் புகழ்ந்து பேசணும். அந்தப் பேச்சைத்தான் அகாடமி வரலாறுன்னு அச்சடிச்சு வைப்பாங்க. என்ன கூத்து பாருங்க!

எல்லாம் அகாடமியை ஆரம்பிச்சவங்க பண்ணின வேலை. ஒருத்தர் நட்சத்திரம் பார்க்கறவர், இன்னொருத்தர் சிற்பி. ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். தொலைநோக்கி வைக்க மாடி வேணும்னு இவர், செதுக்க வெளிச்சம் வேணும்னு அவர். சிற்பி ராத்திரியோட ராத்திரியா பாறாங்கல்லை மாடிக்கு ஏத்திட்டாரு. கல்லு, தொலைநோக்கி, கூரை எல்லாம் ஒண்ணா கீழ வந்துடுச்சு! நல்லவேளை, கீழ யாரும் இல்ல. அதுக்கப்புறம்தான், ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கட்டும்னு இந்தச் சட்டம்.

புரிஞ்சுக்கிட்டாங்களா? புல்லாங்குழல்காரர் இடத்துக்கு வந்த டாக்டர் நுரையீரலைப் பத்தியே பேசினாரு. பாதிப் பேர் தூங்கிட்டாங்க, மீதிப் பேர் இருமினாங்க. கணக்குப் பேராசிரியர் இடத்துக்கு வந்த நாட்டியக்காரம்மா வாயே திறக்கல, ஆடிட்டு இறங்கிட்டாங்க. அந்த மனுஷனுக்கு வரலாற்றுல ஒரு வரி கிடையாது தம்பி, அந்தம்மா ஆடற படம்தான் இருக்கு! எங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் சொல்றேன். நாளைக்கு நீங்க சொல்றதுதானே நிக்கும்?

என்ன? அவர் என்ன கண்டுபிடிச்சாருன்னா கேக்கறீங்க?

முதல்ல காபியைக் குடிங்க, ஆறுது.

அது வந்து... உப்பு. உப்பு சம்பந்தமா. இல்ல இல்ல, துரு. துரு பிடிக்காம இருக்க... இல்ல, பிடிக்க வைக்கவா? ஆரம்பிப்பாரு தம்பி. சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணு மின்ன, “இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு தெரியுமா?”ம்பாரு. “இருங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க”ன்னு நான் எதிர்வீட்டுக் கதையை எடுத்துடுவேன். சிரிச்சுக்கிட்டே கேட்பாரு. தட்டு காய்ஞ்சு போற வரைக்கும் கேட்பாரு. கல்யாணமானதுலேருந்து ஒரு தடவைகூட அவரை முடிக்க விட்டதில்ல நான்.

அவர் அருமை அகாடமிக்குத் தெரியலன்னு ஊர் பூரா திட்டிக்கிட்டுத் திரியறேன்... வெக்கமா இருக்கு.

எழுந்துட்டீங்களே! இருங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு. துரு, உப்பெல்லாம் விட்டுடுங்க. எதிர்ல இருக்கறவங்க பேசறதை மனசு கோணாம கேட்பாருன்னு சொல்லுங்க. அந்த அகாடமியில அப்படி இன்னொருத்தர் இருந்திருக்க மாட்டாரு. ஆதாரம் கேட்டாங்கன்னா, என்கிட்ட அனுப்புங்க.