அம்பாசடர் கொண்டுபோன பதில்

என் கூடப்பொறந்த ஜீனத்தக்காகிட்ட ஒண்ணக் கேட்டுட்டு, அவ சொன்னத உள்ளயே விட்டுட்டு, வெளிய போய் வேற பதிலச் சொன்னது நீங்கதான் மாமு. அவ வாழ்க்கை அன்னைக்கே போச்சு. என் நிக்காஹ் அன்னைக்கு இதெல்லாம் பேசலாமான்னா, வேற என்னைக்குப் பேச? நீங்கதான கேட்டீங்க, அப்துல் வாஹித் மகள் சபிஹா, உன்ன அஸ்பாக்குக்கு நிக்காஹ் முடிச்சு வைக்கச் சம்மதமான்னு. கேட்டா பதில் வரத்தான செய்யும். தலைய மட்டும் ஆட்டுன்னா ஆட்ட மாட்டேன். உக்காருங்க. சேர்ல என் துப்பட்டா கெடக்கு, தள்ளிப் போட்டுட்டு உக்காருங்க.

நிக்காஹ் ஓத ஹஸ்ரத் காத்திருக்காரு, மண்டபம் நெறஞ்சிருச்சு, தெரியும். பிரியாணி தம்முலதான இருக்கு. செத்த நேரம் கூட இருந்தா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. சிச்சா, எங்கத்தாவுக்குத் தம்பிதான நீங்க, நீங்களும் உள்ள வாங்க. அக்பர் அலியண்ணே, நீங்களுந்தான். சாட்சின்னு கூட்டிட்டு வந்துட்டு ரெண்டு பேரையும் வாசப்படிக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டுனா என்ன அர்த்தம்? பொம்பளைங்க ரூமுன்னு கூசாதீங்க, நாங்க எல்லாரும் முக்காடு போட்டுத்தான் உக்காந்திருக்கோம். அக்கா நிக்காஹ் அன்னைக்கும் நீங்க ரெண்டு பேருந்தான் வெளிய நின்னீங்க. அதுக்கு வாரேன். மொதல்ல உள்ள வாங்க.

ரெண்டு வருஷமா என்னைய எங்க பாத்தாலும் ஒரே கிண்டல்தான் மாமு உங்களுக்கு. என்னம்மா, எவனோ ஆப்பிரிக்காக்காரனப் பத்தி ஆராய்ச்சி எழுதுறியாமே, சின்னாளபட்டிச் சேலையப் பத்தி எழுதுனாலும் நாலு பேருக்குப் பிரயோசனம்னு. அம்புட்டுப் பேரும் சிரிப்பாங்க, என்னையப் பெத்த அத்தாவும் சேந்து சிரிப்பாங்க. எவன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? இன்னைக்குச் சொல்றேன். இல்ல, சுருக்கமாத்தான் சொல்லுவேன். நானும் எம்புட்டு நேரம் இந்த நகையச் சொமந்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

வட ஆப்பிரிக்காவுல ஒரு நாடு. ஒரு பக்கம் கடலு, மறு பக்கம் மணலு. அங்க ஒருத்தர் அம்பாசடரா இருந்தாரு. காரில்ல மாமு, ஆளு, நாட்டுக்குத் தூதர். உங்களுக்கு எதையாச்சும் சிரிப்பாக்கணும். தொறமுகத்துல கணக்கு எழுதுனவரு மகன், நல்லாப் படிச்சு வெளியுறவு வேலையில சேந்தாரு. ஊரு ஊரா மாத்தல். ஐரோப்பாவுல இருந்தாரு, ஐநாவுலயும் இருந்தாரு. அவர் பேசுனது எதுவுமே யாருக்கும் ஞாபகம் இல்ல, அதான் அவரு பெருமை. சண்டை போடுற ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுப் பேசுவாரு. ரெண்டு பக்கமும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போகும். என்ன முடிவாச்சுன்னு ரெண்டு பக்கத்துக்குமே தெரியாது. உங்களுக்கும் அந்தக் கைராசி உண்டுல்ல. தோல் மண்டியில தகராறா, அப்துல் ஹக்கீமக் கூப்புடு. சொத்துப் பிரிக்கணுமா, ஹக்கீம் பாய் வரட்டும். பொண்ணு கேக்கணுமா, மாமு இல்லாம ஆகுமா.

அந்த நாட்டுல தெக்க ஒரு ஊரு. பூமியத் தோண்டி உரத்துக்கான கல்ல எடுப்பாங்க. எடுத்து எடுத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, வாயில வைக்க முடியாது. தோல் கழுவுன தண்ணி எறங்கின கெணறு எப்பிடியிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும்? புதுசா ஒரு சுரங்கம் வரப்போகுதுன்னதும் அந்த ஊருப் பொம்பளைங்க போய் ரயில் தண்டவாளத்துல உக்காந்துட்டாங்க. சரக்கு ரயிலு நின்னுபோச்சு. ஜனாதிபதி யார அனுப்புவாரு? நம்மாளத்தான்.

போனாரு. நெறம் போன கோட்டு, மெல்லிசா ஒரு சிரிப்பு. தண்டவாளத்துலயே விரிப்புப் போட்டு உக்காந்தாரு. அவங்களும் மரியாதையா புதினா போட்ட டீ குடுத்தாங்க. மத்தியானம் பூரா பேசுனாரு. அவங்க சொன்னது ஒரே வார்த்தை. லா. இல்ல, முடியாதுன்னு. நமக்குத் தெரியாத வார்த்தையா மாமு, நம்ம கலிமாவே அதுலதான தொடங்குது. அவரு டீய முழுசாக் குடிச்சாரு, ஒரு கெழவி கையப் புடிச்சுச் சலாம் சொன்னாரு, கெளம்பித் தலைநகரத்துக்குப் போயி, கொள்கை அளவுல ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டாரு.

அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் செய்யல. அடிக்கல, மெரட்டல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. வார்த்தைய மட்டும் மாத்துனாரு. விடியறதுக்குள்ள போலீஸ் போயிருச்சு. ஒத்துக்கிட்டவங்க எதுக்குத் தண்டவாளத்துல கெடக்கணும்னு சொல்லித்தான் இழுத்துட்டுப் போனாங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு அவங்க ஒத்துக்கிட்ட சேதியே அப்பத்தான் தெரியும்.

அதுக்குக் கூலியாத்தான் அவரப் பிரதமராக்குனாங்க. நாற்காலியில உக்காந்தும் அதே வேலதான். ஜனாதிபதி அரண்மனையிலருந்து என்ன வந்தாலும் கையெழுத்து. பேட்டி குடுத்தா ஒரு மணி நேரம் பேசுவாரு, எழுதிப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது. நான் எழுதிப் பாத்தேன் மாமு, ராவும் பகலுமா ஹெட்போன மாட்டிக்கிட்டு. ஒரு மனுஷன் இம்புட்டு நல்ல மொழியில இம்புட்டு வெறுமையாப் பேச முடியுமான்னு ஹெட்போனக் கழட்டி வச்சுருவேன்.

முழுசா ஒரு வருஷம்கூட இல்ல. ஒரு நா வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, டிவியில சேதி ஓடுது. பிரதமர் தன் விருப்பப்படி பதவி விலகிக்கிட்டார்னு. அவருக்கே அப்பத்தான் தெரியும். மறுநா ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு மைக்க நீட்டுது, நீங்களா விலகுனீங்களான்னு. என்ன சொல்லிருப்பாருன்னு நெனக்கிறீங்க? அறிவிப்புல உள்ளதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லன்னாரு. அதே சிரிப்பு. அடுத்தவங்க சொன்ன இல்லைய சரின்னு மாத்தி மாத்தி, தனக்குன்னு ஒரு இல்ல சொல்ல வேண்டிய நேரத்துல வாயில வார்த்தையே இல்ல. எனக்குப் பாவமா இல்ல மாமு. சீன்னு இருந்துச்சு. கடைசி அத்தியாயத்துல கோவம் ஜாஸ்தி, கொறைங்கன்னு எங்க கைடு சொன்னாரு. நான் இன்னும் ஒரு பக்கம் சேத்துத்தான் குடுத்தேன்.

என்ன, சமாதானத்துக்காகச் சொன்னாரா? இதத்தான் எதிர்பாத்தேன். யாரு சமாதானம்? ரயிலு விட்டவங்க சமாதானமா, தண்டவாளத்துல உக்காந்தவங்க சமாதானமா? ரெண்டு பேரச் சேத்து வைக்க இனிப்பாப் பேசுறது வேற. ஒருத்தி வாயில இல்லாத வார்த்தைய எடுத்துட்டுப் போயி சபையில வைக்கிறது வேற. பொண்ணோட சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்லன்னு மார்க்கத்துல சொல்லிருக்கே, அது என்ன அலங்காரத்துக்கா? சிச்சா, நீங்களே சொல்லுங்க. கீழயே பாத்துக்கிட்டு இருங்க.

அக்கா நிக்காஹ் அன்னைக்கு நான் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவ தலையில வச்ச பூவு சரிஞ்சு சரிஞ்சு விழுகுது, நான் புடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வந்தீங்க. குனிஞ்சு கேட்டீங்க. அவ அழுகல மாமு. அழுதா சந்தோஷத்துல அழுகுறான்னு சொல்லிருப்பீங்க, அதுக்கு வழியே குடுக்கல. தெளிவாச் சொன்னா. வேணாம் மாமு, எனக்கு பி.எட். சீட்டு கெடச்சிருக்கு, நான் படிக்கணும், அத்தாகிட்ட நீங்க சொன்னாக் கேப்பாங்கன்னு. நீங்க அவ தலையத் தடவுனீங்க. நல்ல புள்ளைன்னீங்க. வெளிய போனீங்க. இவங்க ரெண்டு பேரும் வாசல்ல உங்க மொகத்தப் பாத்தாங்க, நீங்க சிரிச்சீங்க, அம்புட்டுத்தான் சாட்சி. பொண்ணு சம்மதிச்சாச்சுன்னு ஸ்பீக்கர்ல உங்க கொரலு. அக்கா என்னையத் திரும்பிப் பாத்தா பாருங்க. தான் பேசுனமா பேசலையான்னு அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு.

எவனோ ஆப்பிரிக்காக்காரன் எதுக்குன்னு கேட்டீங்கள்ல. அதுக்குத்தான். லைப்ரரியில மொத மொதல்ல அந்தத் தண்டவாளத்துக் கதையப் படிச்சப்ப எனக்கு அந்த ஆளு மொகம் தெரியல. உங்க மொகந்தான் தெரிஞ்சுச்சு.

ஆயக்குடியில கொய்யாத் தோப்பு இருக்கு, பொண்ணு ராணியாட்டம் இருப்பான்னீங்க. பி.எட். போச்சு, அப்புறம் போனப் புடுங்குனாங்க, அப்புறம் அக்கா புருஷன் அடிக்கக் கைய நீட்ட ஆரம்பிச்சாரு. புள்ளையத் தூக்கிட்டு, ஒரு மாத்துத்துணிகூட இல்லாம பஸ் ஏறி வந்தா. அதுக்கும் நீங்க என்ன சொன்னீங்க, கொஞ்சம் வாய் ஜாஸ்தி அந்தப் புள்ளைக்குன்னு. வாய் ஜாஸ்தியாம். ஒரே ஒரு தடவ தொறந்துச்சு அந்த வாயி, அதையும் நீங்க மூடிட்டீங்க.

இல்ல மாமு, முடிஞ்சுபோனதக் கிளறல. முடியலையே. இன்னைக்குக் காலையில அம்மா என்னைய அலங்காரம் பண்ணாம, ரூமு மூலையில உக்காந்து அக்கா துணிய, புள்ள துணிய ஒரு பையில அடுக்கிட்டு இருந்தாங்க. எதுக்கும்மான்னேன். ஜீனத்து திரும்பிப் போறேன்னுட்டாளாமே, ஜமாத்துல மாமு சொல்லிட்டு வந்துட்டாங்களாமேன்னு அம்மா கண்ணத் தொடைக்கிறாங்க. அக்கா பக்கத்துல நின்னு புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. அவளுக்குத் தெரியாது. அந்தப் பொம்பளைங்களாட்டமே, தான் ஒத்துக்கிட்ட சேதியே அவளுக்கு அப்பத்தான் தெரியும். மொத தடவையாச்சும் கேட்டுட்டு மாத்துனீங்க. இந்தத் தடவ கேக்கவே இல்ல.

ஆயக்குடிக்காரங்க வந்துட்டாங்கள்ல. மொத வரிசை, கொய்யாக் கூடையெல்லாம் கொண்டாந்து. விருந்து முடிஞ்சதும் அக்காவக் கார்ல ஏத்திட்டுப் போறதா ஏற்பாடு. என் கல்யாணக் கூட்டத்துல அவளால சத்தம் போட முடியாதுன்னுதான இன்னைக்கு வச்சீங்க? நல்ல ராஜதந்திரம். நெசமாவே உங்களுக்குப் பிரதமர் பதவி குடுக்கலாம்.

அஸ்பாக்குக்கா? தெரியும். காலையிலயே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். லேட்டானாப் பரவாயில்ல, நான் மேடையில உக்காந்திருக்கேன், நீ பேசி முடின்னாரு. என்னைய மாதிரியே அவருக்கும் வாய் ஜாஸ்தி, பொருத்தம் நல்லாத்தான் பாத்தீங்க. அத்தாவக் கூப்புட வேணாம் மாமு. அத்தா வந்தா உங்க மொகத்தத்தான் பாப்பாங்க.

சிச்சா, நல்லாக் கேட்டுக்கங்க. அக்பர் அலியண்ணே, போன உள்ள வைங்க. அக்கா, நீ வா இப்பிடி. புள்ளைய அம்மாகிட்ட குடு. மாமு இப்ப உன்னையக் கேப்பாங்க. கேளுங்க மாமு. ஏன், என்கிட்ட கேட்டீங்கள்ல, அதே மாதிரிதான். ஆயக்குடிக்குப் போறதுக்கு ஜீனத்துக்குச் சம்மதமான்னு கேளுங்க.

ம். சொல்லுக்கா. இன்னும் செத்த சத்தமா.

கேட்டுச்சா சிச்சா? அண்ணே, உங்களுக்கு? சரி. இப்ப ரெண்டு சாட்சி.

இப்ப என் பதிலு. எனக்கு அஸ்பாக்க நிக்காஹ் பண்ணிக்க மனப்பூர்வமாச் சம்மதம். ஆனா மைக்கப் புடிச்சதும் மொதல்ல அக்காவோடதச் சொல்லணும், அவங்க மொத வரிசையில உக்காந்திருக்கும்போதே. அப்பறந்தான் என்னோடது. ஸ்பீக்கரு இந்த ஜன்னலுக்கு நேராத்தான் கட்டிருக்கு, நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருப்போம். வார்த்தை மாறுனா, நான் சொன்னதும் மாறிப்போகும். இந்தத் தடவ சாட்சி ரெண்டு பேரும் உள்ளதான் நின்னாங்க.

போறதுக்கு முன்னாடி ஒருக்க எனக்குச் சொல்லிக் காட்டுங்க. ஜீனத்து என்ன சொன்னா?

சுத்தி வளைக்காதீங்க மாமு. அவ சொன்ன வார்த்தை.

ஆமா. அதான். வேணாம்.