முட்டு பிரிக்கும் தேதி

ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை. காலை முதல் தூறல். வெயில் அறவே இல்லை. இத்தகைய நாள்களில் தேநீர் விரைவில் ஆறும். கான்கிரீட் தாமதமாக இறுகும். இவ்விரண்டையும் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன், ஐயா. எனினும் இரண்டாவதன் காரணத்தை, ஐம்பத்து மூன்றாம் வயதில் கட்டுமான மேலாண்மை முதுகலையில் சேர்ந்த பின்னரே கற்றேன்.

முதற்கண் என்னைப் பற்றிச் சில சொற்கள். நான் கட்டட வேலையிடத்தில் மேற்பார்வையாளன். பகலில் பணி, மாலையில் கல்லூரி. என் மகன் வயதுப் பிள்ளைகள் கடைசி வரிசையில் தூங்குவர். நான் முதல் வரிசையில் விழித்திருப்பேன். பாட வாக்கியங்களை வாய்விட்டுப் படிப்பேன் ஆதலின், அவற்றின் நடை என் பேச்சிலும் படிந்தது. வேலையிடத்தில் "செங்கல்லை எடுங்கப்பா" என்பதை விடுத்து, "வளங்களை நகர்த்துக" என்று கூறலானேன். ஆள்கள் சிரித்தனர். சிரிப்பைத் தொடங்கி வைத்தவர் என் மைத்துனர்.

என் மனைவியின் தம்பியாகிய அவர் அங்கேயே பலகை அடிக்கும் மேஸ்திரி. ஈரக் கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களை முட்டு என்போம். அவற்றை நிறுத்துவதும், கான்கிரீட் போட்டு இரண்டு வாரம் ஆனபின் பிரிப்பதும் அவர் பொறுப்பு. கை தேர்ந்தவர், வாய் அதைவிடத் தேர்ந்தது.

"மாமா ஏன் முதுகலை படிக்கிறாரு தெரியுமாடா? முதுகு வளைஞ்சப்புறம் படிக்கிறாருல்ல, அதான்" என்பார். இன்னொரு நாள், "சிமெண்ட் மூட்டை பக்கத்துல மாமாவைப் பாடம் நடத்த விடாதீங்கடா. தண்ணி ஊத்தாமலே இறுகிப் போயிடும்" என்றார்.

மனைவியிடம் முறையிட்டேன். "அவன் சிரிச்சா நீங்க என்ன தேஞ்சா போயிடுவீங்க?" என்றாள். தேய்மானம் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வது என்று விளக்கத் தொடங்கினேன். அவள் துணி காயப்போடச் சென்றுவிட்டாள்.

என் ஆய்வுத் தலைப்பு, 'காலத்துக்கு முன் முட்டு பிரித்தலும் கூரை சரிதலும்'. அதை அவையில் முன்வைக்கும் நாளில் குடும்பத்தாரையும் அழைத்திருந்தேன். பேராசிரியை கேட்டார்: "உங்க இடத்துல இப்படி எப்பவாவது நடந்திருக்கா சார்?"

நான் வாயெடுக்குமுன் பின்வரிசையில் மைத்துனர் எழுந்தார். "அதெப்படிங்க மேடம் நடக்கும்? நான் ஒருத்தன் இருக்கேன்ல."

அரங்கம் சிரித்தது. தூங்கும் பிள்ளைகளும் விழித்துச் சிரித்தனர். பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாம் இருக்கு சார், சம்பவம்தான் இல்ல. களத்துல நடந்த ஒண்ணைக் காட்டாம இதை ஏத்துக்க முடியாது" என்றார்.

படிப்பை முடிக்க எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்த காலம் அந்தப் பருவத்தோடு தீர்ந்துவிடும். பட்டம் கையை விட்டுப் போகும் நிலை. சிக்கலைச் சரிவர வரையறுத்தால் பாதித் தீர்வு கிட்டிவிடும் என்று படித்திருக்கிறேன். சம்பவம் நிகழாமைக்குக் காரணம் ஒரு தனி மனிதர் என்பது அன்று அவையிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

பின்னர் மைத்துனர் தம் மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் சென்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வடமூலைக் கூரைக்கு முட்டு நிறுத்திவிட்டுத்தான் போனார். அவருடைய ஆள்கள் வேறு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர் திரும்புவதற்கு முந்தைய நாள், வெளியாள்களைக் கொண்டு அக்கூரைக்குக் கான்கிரீட் போட்டேன். போட்ட தேதியைத் தூணில் சிவப்புச் சாயத்தால் எழுதுவது எங்கள் வழக்கம், எழுதுபவன் மேற்பார்வையாளன். முட்டு பிரிப்பவர்கள் அந்தத் தேதியைத்தான் நம்புவர். நான் இரண்டு வாரம் முந்தைய தேதியை எழுதினேன். எழுத்து திருத்தமாக அமைந்தது.

வியாழனன்று அவர் வந்ததும் கைப்பேசியில் குழந்தையைக் காட்டினார். "பேத்தி மாமா. தூக்கத்துலயே சிரிக்கிறா பாருங்க, அப்படியே என்னை மாதிரி."

அவ்வாறே இருந்தது.

வடமூலைக்கு வந்தவர் கூரையின் விளிம்பை அண்ணாந்து பார்த்தார். தூறலில் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒரே நிறம். "என்ன மாமா, நான் போறப்ப இங்க கம்பிதானே கட்டிட்டிருந்தாங்க?"

"நீ போன மறுநாளே போட்டாச்சு மாப்ளே. தூண்ல தேதி இருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன், பார்த்தேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். படிச்சவருல்ல."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார் என்பதை நேர்மையுடன் பதிவு செய்கிறேன். அப்போது அவரைத் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் எண்ணிப் பார்த்தேன். ஆயினும் ஆய்வின் நடுவே உணர்ச்சிவயப்பட்டு முறையை மாற்றுவது அறிவுலகில் ஏற்கப்படுவதில்லை.

அன்று அவருடன் திரும்பி வந்திருந்த ஆள்கள் நால்வரையும் தேநீர் குடிக்க அனுப்பினேன். இதனைக் கருணை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இது இடர் குறைப்பு எனும் தலைப்பில் அடங்கும். "இவங்க வர்றதுக்குள்ள நான் நாலு முட்டைத் தட்டிடுறேன்" என்று மைத்துனர் சுத்தியலோடு உள்ளே குனிந்தார். நான் மாடிப்படியில் நின்றேன். அங்கிருந்து பார்வை தெளிவாக இருந்தது. எஞ்சிய விவரங்கள் என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் உள்ளன.

துக்கம் கேட்க வந்த பேராசிரியையிடம் அந்த இயலையும் கொடுத்தேன். படித்துவிட்டு, இப்போதுதான் ஆய்வுக்கு உயிர் வந்திருக்கிறது என்றார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர்தான், கான்கிரீட் போட்ட உண்மையான தேதியும் தூணில் இருந்த தேதியும் அடுத்தடுத்த பத்திகளில் இருப்பதைக் கண்டு காவல் நிலையத்தில் உங்களுக்குத் தெரிவித்தார். ஏன் மறைக்கவில்லை என்று வியந்தீர்கள். தூணில் பொய் எழுதலாம், ஐயா. ஆய்வேட்டில் எழுதுவது ஒழுக்கக்கேடு.

இறுதியாக, தனிப்பட்ட பகை ஏதும் உண்டா என்று வினவினீர்கள். ஊசிமுனையளவும் இல்லை. ஆய்வாளனுக்கு விருப்பு வெறுப்பு ஆகாது. மூன்றாவது முட்டைத் தட்டும்போதுகூட மைத்துனர், மாமா குடை பிடித்து மழைக்கும் பாடம் நடத்துவதாகச் சொல்லி, தனியே இருந்தும் உரக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு நின்றது.