தேர் விளக்கும் ஒம்பது வரியும்

...ஒம்பது வரிங்க தம்பி! ஒம்பதே ஒம்பது வரி! நான் இடுப்பொடியக் குந்திக்கிட்டு எழுதுனது, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கும், ஹட்டன் ரோட்டு வளைவு மாதிரி... அத்தனையையும் வழிச்சு எறிஞ்சிட்டு ஒம்பது வரியில முடிச்சிட்டா எம் பொண்டாட்டி. இருங்க, எந்திரிக்காதீங்க, ஒங்க போனத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். டிஸ்பிளேய கழட்டியாச்சு, இனிமே அவசரப்பட்டா ஆகாது. மஸ்கெலியாவுக்குப் புதுசுல்ல நீங்க? பேங்கு வேலைக்கு வந்திருக்கீங்களாக்கும். அப்பன்னா மொதல்லேருந்து சொல்லணும்.

இந்த நல்லமுத்துன்னா போன் ரிப்பேரு மட்டும் இல்ல தம்பி. நம்ம தோட்டத்துக் கோயில் தேருக்கு லைட்டு நாந்தான். இன்னிக்குச் சாயங்காலம் தேரு. தேரச் சுத்தி இருவத்திநாலு விளக்கு, ஒவ்வொண்ணும் ஒரு குடும்பத்தோட உபயம். கீழ பேரு எழுதியிருக்கும். மொத்தமா எரியாது... ஒண்ணு எரிஞ்சு அணையும், அடுத்தது எரியும், அப்படியே சுத்தி வரும். அவங்கவங்க விளக்கு எரியிறப்போ அவங்கவங்க கும்புட்டுக்கணும். அதான் வழக்கம். பழைய வழக்கம்னு நெனைச்சிராதீங்க, மூணு வருசத்துக்கு முன்னால நான் உண்டாக்குனதுதான்.

அதுக்குச் சின்னதா ஒரு கொம்பியூட்டர் போர்டு இருக்கு. நாம என்னா எழுதி வுடுறோமோ அதத்தான் செய்யும், கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது. யூட்டியூப் பாத்து நானாப் படிச்சேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியா பேரு வச்சேன்... பேக்கரி விளக்கு, மாமா விளக்கு, டெய்லரு விளக்குன்னு. ஒவ்வொண்ணுக்கும் எரி, இரு, அணைன்னு தனித்தனியா எழுதுனேன். அதாவது... எழுதலன்னு வைங்க. ஒண்ண எழுதி, அத காப்பி எடுத்து ஒட்டி ஒட்டி, பேர மட்டும் மாத்திக்கிட்டே வந்தேன். லேசுப்பட்ட வேலையா அது!

ஒரு தடவ கமிட்டித் தலைவரு, "விளக்கு ஓட்டமா ஓடுது நல்லமுத்து, கும்புட நேரம் பத்தல"ன்னாரு. சரி, நேரத்தக் கூட்டுவோம்னு போனா, ஒரு எடத்துல மாத்துனாப் போதுமா? எல்லா விளக்குலயும் மாத்தணும். மாத்துனேன். டெய்லரு விளக்க மறந்துட்டேன். அது மட்டும் கண்ணடிச்சிட்டு ஓடுது! டெய்லரு வந்து, "எங்கிட்டத்தான சட்ட தைக்க வருவ, அப்ப பாத்துக்கிறேன்"னுட்டுப் போனாரு. இந்தா பாருங்க, சட்டையில இந்தக் கை நீளமா இருக்கு, அந்தக் கை முட்டிக்கு மேல நிக்கிது. அவரு தச்சதுதான்.

இந்த வருசம் புதுசா இன்னும் ஆறு உபயம் வந்திருச்சு. எனக்குத் தலையச் சுத்துது. எம் பொண்டாட்டி சுலக்ஷனா ஸ்கூல்ல கொம்பியூட்டர் டீச்சர். எட்டிப் பாத்துட்டு சிரிக்கிறா. "என்னங்க, காலையில பெரட்டுல ஆளுகளுக்கு வேலை பிரிக்கிறப்போ கணக்கப்புள்ள என்னா செய்றாரு? ஆளுக்கொரு கணக்கப்புள்ளயா நிக்கிறாங்க? பேரெல்லாம் ஒரே வரிசையா வச்சிருக்காரு. மொத ஆள்லேருந்து கடைசி ஆள் வரைக்கும் ஒவ்வொருத்தரா கூப்புட்டு, அதே ஒத்த வார்த்தையச் சொல்லி வேலைக்கு அனுப்புறாரு. ஆறு பேரு கூடுனா வரிசைதான் நீளும், வார்த்த அதேதான்"ங்குறா. எனக்கு வந்துச்சே கோவம்! "சாமி காரியத்துல பெரட்டக் கொண்டாராத. உபயம் குடுத்தவங்கள கொழுந்து பறிக்கிற ஆளுக மாதிரி வரிசையில நிறுத்துவியா"ன்னேன். "சாமிக்கு முன்னால எல்லாரும் வரிசைதான"ங்குறா. வாயி தம்பி, வாயி!

நேத்து நான் பல்பு வாங்க ஹட்டனுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வேலைய முடிச்சிட்டா. எல்லா விளக்கையும் ஒரே வரிசையாக் கட்டி, எரி, இரு, அணைங்கிறத ஒரே ஒரு தடவ எழுதி, வரிசை முடியிற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுன்னு... அவ்வளவுதான். ஒம்பது வரி. சரி, ஓட்டிக் காட்டுன்னேன். எங்கயாச்சும் சறுக்குவா, ஒரு பிடி பிடிக்கலாம்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன்... ஒண்ணொண்ணா எல்லா விளக்கும் எரிஞ்சிச்சு. மாமா விளக்கும் எரிஞ்சிச்சு.

அதான் தம்பி என் வயித்தெரிச்சலு.

வீரய்யா மாமா, சுலக்ஷனாவோட அப்பா... அவரு விளக்கு இந்த மூணு வருசத்துல ஒரு தடவகூட எரிஞ்சதில்ல. நானும் பல்ப மாத்துனேன், வயர மாத்துனேன், எலி கடிச்சிருச்சுன்னேன், பனியில நனைஞ்சிருச்சுன்னேன். மனுசன் அவரு முறை வர்றப்போ கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு இருட்டுக்கு முன்னால நிப்பாரு. அதுக்கு முந்தின விளக்கு பேக்கரி அழகுமுத்து குடுத்தது. அது என்னடான்னா அணையவே அணையாது, நின்னு எரியும்! "அம்மனுக்கு எம்மேல தனிப் பாசம்"னு அந்தாளு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் ஓசி பனிசு வேற. மாமா எங்கிட்ட வந்து, "என்னா மாப்ள கொறை?"ன்னு மெதுவாக் கேட்டாரு. நான் எழுதுனதுல கொறைன்னு எப்படிச் சொல்றது? "போர்டுல ஒண்ணும் இல்ல மாமா. அம்மனுக்குத்தான் என்னா மனக்கொறையோ"ன்னுட்டேன்.

ஒத்த வார்த்ததான் தம்பி! அத அப்படியே புடிச்சிக்கிட்டாரு. கறி மீன விட்டாரு. முடிய எறக்குனாரு. மறு வருசமும் எறக்குனாரு. கதிர்காமத்துக்கு நடந்தே போயிட்டு வந்தாரு, ஆளு பாதியாப் போயிட்டாரு. போன வருசம் தேருகிட்டயே வரல... தண்ணி டேங்கு ஓரமா ஒதுங்கி நின்னு கும்புட்டாரு. சுலக்ஷனா அழுதா. நானும் கூடவே நின்னு கமிட்டிக்காரனுகளத் திட்டுனேன்.

நேத்து அவ அந்தப் பழசத் தொறந்து வச்சிக்கிட்டு, "இதப் படிங்க"ன்னா. படிச்சேன். மாமா விளக்குக்கு, பேக்கரி விளக்குக்கு எழுதுனதத்தான் காப்பி எடுத்து ஒட்டியிருக்கேன். அணைங்கிற வரியில பேர மாமான்னு மாத்திட்டேன். எரிங்கிற வரியில மாத்தல! அப்ப என்னா ஆவுது? மாமா முறை வர்றப்போ, பேக்கரிய மறுபடி எரிங்குறேன், மாமாவ அணைங்குறேன். பேக்கரிய அணைக்கச் சொல்ல ஆளில்லாம அது அடுத்த சுத்து வரைக்கும் நின்னு எரியிது. மாமா விளக்க... எரியாத விளக்க தம்பி, மூணு வருசமா அணைச்சிக்கிட்டே இருந்திருக்கேன்!

அவ ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாக்கூட நிம்மதி. "தேரு கெளம்புறதுக்கு முன்னால நீங்களே அப்பாகிட்டச் சொல்லணும். அவரு ஒதுங்கி நின்னா நானும் அவரு கூடத்தான் நிப்பேன்"னா. "இந்த வருசம் அம்மன் மனசு எறங்கிட்டான்னு சொன்னா என்னா, விளக்குந்தான் எரியப் போவுதே"ன்னேன். ஒரு பார்வ பாத்தா பாருங்க... பழிய இன்னும் அம்மன் தலையிலயே போடுறீங்களான்னு கேட்டா.

நானும் காலையிலேருந்து கெளம்புறேன் கெளம்புறேன்னுதான் இருக்கேன். கடைக்கு ஆளு வந்துக்கிட்டே இருக்கே, போட்டுட்டா போக முடியும்? இப்ப நீங்க வந்திருக்கீங்க... அட, நல்லதாப் போச்சு! நீங்க பேங்க் ஆளு, படிச்சவரு. வெளியாளு சொன்னா மாமா கேப்பாரு. மிசினுல ஒரு சின்னக் கோளாறுன்னு நீங்களே ஒரு வார்த்த... அவரு வீடு இருக்கிற லயம் பக்கத்துலதான், ஒரு எட்டு... தம்பி? தம்பீ! போன் இங்க கெடக்கு, ஆளக் காணோமே! திரும்பிக் குந்தி ரெண்டு ஸ்குரூ கழட்டுறதுக்குள்ள...

வந்துட்டீங்களா? அதான பாத்தேன், போன விட்டுட்டு எங்க போயிர...

மாமா.

வாங்க மாமா. குந்துங்க. இன்னும் நேரம் கெடக்கே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க... தொப்பி நனைஞ்சிருக்கு பாருங்க, கழட்டிட்டு இந்தத் துண்டால... ஐயோ மாமா! இந்த வருசமும் மொட்டையா?

இல்ல மாமா, நீங்க குந்துங்க. கும்புடாதீங்க மாமா, எங்கிட்டப் போயி... வந்து... எனக்கு எப்படிச் சொல்றதுன்னே... அம்மனுக்கு ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல மாமா. ஒங்க விளக்க அணைக்கச் சொன்னது நாந்தான்.