தங்கைக்காக எழுதிய கடிதங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வைக்கிற கவர் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. பிறந்த கதை, வளர்ந்த கதை எல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு டயர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு நான் ஒதுக்குவது அரை நிமிடம். உங்களுக்குத் தேவையானது என்னிடம் இருக்கிறது என்று அதற்குள் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

என் கையால் கடிதம் எழுதி வாங்கிப் போய் வேலையில் உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழு பேர். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

என் தங்கை லேப் டெக்னீஷியன். அவள் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது என்பார்கள். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அம்மா முன்பே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள், "அண்ணா, பகல்ல அப்பாவைப் பார்த்துக்க ஒரு ஆளைப் போட்டுட்டு நான் வேலைக்குப் போகட்டுமா" என்று கேட்டாள். நான் தடை சொல்லவில்லை. தடை சொல்கிற அண்ணன் இல்லை நான். "லெட்டரை நானே எழுதித் தரேன் பாப்பா" என்றேன்.

எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது நான்தானா" என்று சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்குப் போய் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று அடித்து, அவள் கையெழுத்தை நானே போட்டு அனுப்புவேன்.

மோசமான கடிதம் எழுதுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். எழுத்துப்பிழை விட்டால் அவள் படிப்புக்குப் பொருந்தாது. 'நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து எடுத்துவருகிறேன், இப்போது பெரும்பாலும் பரவாயில்லை' என்று எழுதுவேன். 'பழைய இடத்தில் ரத்த மாதிரிகள் மாறிப்போனதற்கு நான் மட்டும் காரணமில்லை' என்று எழுதுவேன். அந்த 'மட்டும்' போதும். படிக்கிறவர் கை தானாக அடுத்த கடிதத்துக்குப் போய்விடும்.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கடிதங்கள். ஆரம்பத்தில் துணி துவைக்கும்போதுகூட போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள். பிறகு அதைப் பார்ப்பதை விட்டாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் தரையைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் வந்தது. "என்கிட்டதான் ஏதோ குறை இருக்குண்ணா" என்பாள். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வேன். அந்த நேரங்களில் நாங்கள் ரொம்ப நெருக்கமாக இருந்தோம்.

அப்பாவுக்காகத்தானே என்று கேட்டீர்கள். ஆமாம் என்றால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். ஆனால் அப்பா பன்னிரண்டாவது கடிதத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி இருபத்தொன்பதும் அதற்குப் பிறகு எழுதியவை. ஆறு மணிக்கு நான் படியேறும் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும். சாவியை வெளியே எடுக்க வேண்டியிருந்ததில்லை. மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான்.

நாற்பத்தொன்றாவது கடிதம் போன இடத்தில் ஒரு பெண் மேலாளர். ஒரு வியாழக்கிழமை அவரே தங்கைக்குப் போன் செய்துவிட்டார். மாலை நான் வந்ததும் சொன்னாள்.

"அண்ணா, அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'இருபது வருஷமா லெட்டர் படிக்கிறேன், தன் குறையை இவ்வளவு நேர்மையா எழுதின பொண்ணைப் பார்த்ததில்லை. அதுக்காகவே உன்னைப் பார்க்கணும்'னாங்க. எனக்கு நரம்புத் தளர்ச்சியாம். நாம அப்படி எழுதலையே?"

"வேற யாரோட லெட்டரோ மாறியிருக்கும்" என்றேன்.

நம்பினாள். என்னை அவள் நம்பாத நாள் கிடையாது. "எப்படியோ, என் நல்ல நேரம்" என்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேர்காணல், வேறு ஊர். வேலை கிடைத்தால் தங்க இடமும் தருவார்களாம். என்னென்ன கேட்பார்கள் என்று என்னிடமே கேட்டுக் குறித்துக்கொண்டாள். நானும் குறைவில்லாமல் சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காபி போட்டது நான். அப்பாவுக்குக் கொடுத்து மீந்த தூக்க மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. ஏழு மணி பஸ்ஸை அவள் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சமாகப் போட்டால் அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் இருந்ததையெல்லாம் போட்டேன். கசக்கிறது என்றாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

செருப்பு மாட்ட உட்கார்ந்தவள், "தலை ஒரு மாதிரி இருக்குண்ணா, அஞ்சு நிமிஷம் சாஞ்சுக்கறேன், எழுப்பி விடுங்க" என்றாள். எழுப்புவதாகச் சொன்னேன்.

பிறகு, வர இயலாது என்று அந்த மேலாளருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். சொல்லாமல் நின்றுவிடுவது மரியாதை இல்லை. அடுத்த அறையில் அவள் மூச்சு கரகரவென்று வந்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது. அது எனக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் கீழ்த் தளத்தில்தான் குடியிருக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் இரண்டாவது பத்தி சரியாக வரவில்லை. பாதியில் எழுந்தால் ஓட்டம் கெட்டுவிடும்.

முடித்தபோது மணி ஒன்பதரை. அடுத்த அறையில் சத்தம் இல்லை. அவள் கையெழுத்தைப் போட்டேன்.

'தங்கள் அன்புக்கு நன்றி. என் அண்ணனைத் தனியே விட்டுவர எனக்கு மனமில்லை' என்று முடித்திருந்தேன். நீங்கள் மேஜையிலிருந்து எடுத்தது அதுதான். அதில் நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. விழித்திருந்தால் அவளும் இதையேதான் எழுதியிருப்பாள்.