மாதிரி வகுப்பில் விழுந்த ஓர் அடி

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஊர்காவற்றுறைப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் கதிர்காமு முன்னிலையில், தானாக வந்து சொல்லியது. சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர் பஸ்ரியாம்பிள்ளை மாக்கிறேற். வயது இருபத்துமூன்று. சமயம் கத்தோலிக்கம். பிறந்த ஊர் நெடுந்தீவு. இப்போது இருப்பது கரம்பொனில், மாமி அந்தோனியம்மா வீட்டில். தொழில் உதவி ஆசிரியை. தராதரப்பத்திரம் இன்னும் இல்லை.

நான் நேற்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அரியநாயகம் அவர்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஓர் இடம் பொய். அதைத் திருத்த வந்திருக்கிறேன். என்னை யாரும் அனுப்பவில்லை.

தீவுப்பகுதி ஆசிரியர்களுக்கு இம்மாதம் முதலாம் திகதி தொடக்கம் நான்கு கிழமைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. இருபத்தாறு பேர் இருக்கிறோம். பத்திரம் இல்லாதவர்கள் பாதி. பத்திரம் இருந்தும் புதிய முறை தெரியாத மூத்தவர்கள் மீதி. நடத்துபவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த போதனாசிரியர் இலட்சுமணன் அவர்கள். வகுப்பு முடிய அவர் சிபாரிசு எழுதுவார். பத்திரம் இல்லாதவர்களில் யாருக்கு அவர் எழுதுகிறாரோ அவர் தை மாதத்துக்குப் பிறகும் ஆசிரியர். எழுதாவிட்டால் இல்லை.

காலையில் விரிவுரை நடக்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போக வேண்டும். காட்டிய பிறகே சொல்ல வேண்டும். மேசையில் பிரம்பு இருக்கக் கூடாது. இவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பிற்பகலில் மாதிரி வகுப்பு. ஒருவர் படிப்பிக்க மற்ற இருபத்தைந்து பேரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக வாங்குகளில் இருப்பார்கள். யார் எப்படிப்பட்ட பிள்ளை என்று போதனாசிரியர் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பார். கெட்டிக்காரப் பிள்ளை. பிந்தி வருகிற பிள்ளை. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிற பிள்ளை. முதல் நாளே அவர் தன் கைமணியைக் காட்டிச் சொன்னார்: “இந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலைதான் நீங்கள் பிள்ளையள். ரெண்டாம் மணி அடிச்சால் திரும்பப் பெரிய மனிசர். உள்ளுக்கை நடந்ததுக்கு வெளியிலை வந்து கோவிக்கக் கூடாது.”

என் முறை பதினேழாம் திகதி, புதன்கிழமை வந்தது. பாடம், காற்றுகளும் அவற்றின் திசைகளும். பூவரசந் தடி ஒன்றின் நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டு போனேன். தடியை யன்னலுக்கு வெளியே பிடித்தால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று துணி காட்டும். அதன் பின் பெயரைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். இதுதான் என் ஆயத்தம்.

என்மேல் முறைப்பாடு செய்திருக்கும் இன்னாசித்தம்பி அவர்களும் அந்த வகுப்பில் ஒருவர். வயது ஐம்பத்துநாலு. இப்போது வேறொரு ஊரில் தலைமையாசிரியர். பதின்மூன்று, பதினான்கு வருடங்களுக்கு முன் நெடுந்தீவில் எனக்குப் படிப்பித்தவர். நாங்கள் அவரைச் சட்டம்பியார் என்போம். பயிற்சியின் முதல் நாள் என்னைக் கண்டு, “பஸ்ரியான்ரை மோள் எல்லோ? என்னட்டைப் படிச்சபடியாத்தான் நீர் இண்டைக்கு இந்த வாங்கிலை இருக்கிறீர்” என்றார். “ஓம் சட்டம்பியார்” என்றேன். அதுவும் உண்மை. எனக்கு எழுத்து அறிவித்தவர் அவர்.

அதன் பின் நடந்ததைச் சொல்லுமுன் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சவிரிமுத்து. என்னிலும் இரண்டு வயது இளையவன். அவனுக்குப் பேச்சுத் திக்கும். சொல் வராதபோது வலது கண்ணை மூடிக்கொள்வான். சட்டையின் கரையை இடது கையால் திருகுவான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் ஒரே மண்டபத்தில்தான். பிற்பகலில் பிள்ளைகள் தூங்கி விழுகிற நேரம் சட்டம்பியார் சவிரியை எழுப்பி ஏதாவது கேட்பார். அவன் சொல்லி முடிக்க மாட்டான். அதன் பின் சட்டம்பியார் அவனைப் போலச் செய்து காட்டுவார். ஒரு கண்ணை மூடி, சால்வையின் கரையைத் திருகி. பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். பிறகு, “கையை நீட்டு” என்பார். ஓர் அடி. பெரிய அடி அல்ல.

நானும் சிரிப்பேன். எனக்குப் பத்து வயது. சிரிக்காமல் இருந்தால் இவள்தான் தமக்கை என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருடத்துடன் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். இப்போது சின்னையாவின் வள்ளத்தில் மீன் தொழிலுக்குப் போகிறான். இங்கு நடந்ததை அவனுக்கு அறிவிக்கவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு முதல் மணி அடித்தது. பாடம் நன்றாகவே போனது. காரைநகரிலிருந்து வரும் மூத்த ஆசிரியர் ஒருவர் பிந்தி வருகிற பிள்ளையாக ஓடி வந்தார். ஏன் பிந்தியது என்று கேட்டேன். “மாட்டைப் பிடிக்கப் போனனான் ரீச்சர், அது என்னைப் பிடிச்சிட்டுது” என்றார். எல்லோரும் சிரித்தோம். போதனாசிரியரும் சிரித்தார். அதன் பின் துணியைக் காட்டினேன். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. “இப்ப வீசுற காத்துக்கு என்ன பேர்?” என்று கேட்டேன்.

இன்னாசித்தம்பி அவர்கள் எழுந்தார். அவருக்குக் கொடுத்த துண்டில் பேச்சு இலகுவில் வராத பிள்ளை என்று எழுதியிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். அவர் வலது கண்ணை மூடினார். சால்வையின் கரையை இடது கையால் திருகினார். “சோ... சோ... சோ...” என்றார். பதின்மூன்று வருடம் கழித்தும் ஒன்றும் மறக்கவில்லை. சவிரி தலையை எந்தப் பக்கம் சரிப்பான் என்பது கூட. அவ்வளவு நுட்பமாக அவனை நான் கூடப் பார்த்ததில்லை.

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் வாய் சிரித்ததை நான் அறிந்தேன்.

அந்தச் சிரிப்புக்குள் இரண்டாம் மணி அடித்தது. போதனாசிரியர் சுவரோரம் கதிரையில் இருந்து அடித்தார். நான் கேட்டேன். அவர் மணியை மேசையில் வைத்ததையும் கண்டேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அதன் பின் நான் முதல் வாங்குக்குப் போனேன். இன்னாசித்தம்பி அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான், “கையை நீட்டு” என்றேன். நீட்டும் என்று மரியாதையாகச் சொல்லவில்லை. அவர் வலது கையை நீட்டினார். துணி கட்டிய தடியால் உள்ளங்கையில் அடித்தேன். ஒரு தரம். பெரிய அடி.

இரண்டு பேர் கை தட்டினார்கள். நடிப்பு என்று நினைத்தார்கள். அவர் கையைப் பார்த்தார். “பிள்ளை, மணி அடிச்சிட்டுது” என்றார். மெதுவாகச் சொன்னார்.

அதன் பின் வழக்கப்படி எல்லோரும் என் பாடத்தின் குறை நிறைகளை எழுதினார்கள். போதனாசிரியர் வாசித்தார். துணி இன்னும் பெரிதாக இருக்கலாம். கேள்விகள் படிப்படியாக வந்தன. குரல் நல்ல குரல். வகுப்பை அடக்கத் தெரிந்தவர். இந்தக் கடைசி வசனம் நாலைந்து கடதாசிகளில் இருந்தது. அடி புதிய முறைக்கு ஒவ்வாது என்று ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். இன்னாசித்தம்பி அவர்களின் கடதாசி வெறுமையாக இருந்தது.

வியாழக்கிழமை அவர் விதானையாரிடம் முறைப்பாடு கொடுத்தார். நடுவிரல் வீங்கியிருந்ததாம். தண்டனை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மணிக்குப் பிறகு அடித்தேன் என்று நான் எல்லார் முன்னும் சொன்னால் போதும் என்றார். போதனாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மணிக்கு முந்தி எண்டால் அது பாடத்திலை ஒரு பிழை. திருத்தலாம். மணிக்குப் பிறகு எண்டால் அது அடிபிடி. அதுக்கு மேலை நான் சிபாரிசு எழுத ஏலாது, பிள்ளை.” அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அன்று பின்னேரம் வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள். பெயர் சொல்ல விரும்பவில்லை. “நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நாங்கள் எல்லாரும் மணிக்கு முந்தி எண்டுதான் சொல்லப் போறம். அந்தாளும் எத்தினை பேரின்ரை கையைப் பழுக்க வைச்சவர். தானும் ஒருக்கால் அடி வேண்டினால் என்ன குறைஞ்சு போச்சு?” என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

நேற்றுக் காலை அதே மண்டபத்தில் விதானையார் விசாரித்தார். ஒவ்வொருவராக எழும்பினார்கள். மணிக்கு முந்தி. மணிக்கு முந்தி. சிலர் கேட்கவில்லை என்றார்கள். போதனாசிரியர், சத்தமாக இருந்தது, நிச்சயமில்லை என்றார். என் முறை வந்தது. மணிக்கு முந்தி என்றேன். விதானையார் எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன்.

அதன் பின் விதானையார் முறைப்பாட்டுக்காரரைப் பார்த்து, “மணி அடிச்ச பிறகெண்டால், சட்டம்பியார், நீர் ஏன் கையை நீட்டினீர்?” என்று கேட்டார்.

“நீட்டு எண்டவ” என்றார் அவர். “நீட்டினனான்.”

“நீட்டு எண்டால் நீட்டிறதோ? நீர் என்ன மூண்டாம் வகுப்போ?”

இன்னாசித்தம்பி அவர்கள் பேசத் தொடங்கினார். “மணி...” என்றார். அதன் பின் சொல் வரவில்லை. வாய் அசைந்தது. மறுபடி, “மணி...” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். புதன்கிழமை சிரித்த அதே ஆட்கள். இம்முறை அவர் செய்து காட்டவில்லை. இரண்டு கண்களும் திறந்திருந்தன. கைகள் ஒன்றையும் திருகவில்லை, தொங்கின.

விதானையார், “சரி சட்டம்பியார், விளையாட்டிலை பட்டதை விளையாட்டோடை விடும்” என்று கொப்பியை மூடினார். திங்கட்கிழமை முறைப்பாடு தள்ளப்படும் என்றார்.

அவர் ஏன் கையை நீட்டினார் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்காமல் இருக்க முடியாது. அந்தக் குரலுக்குக் கை தானாக நீளும். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் நீட்டியவர்கள். அவரும் சிறு வயதில் யாரிடமோ நீட்டியிருப்பார். அந்தக் குரலை நான் பயிற்சி வகுப்பில் கற்கவில்லை. அவரிடம் கற்றேன். என் பாடசாலையில் இந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை அதைப் பயன்படுத்தினேன் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். எண்ணி முடிக்க முடியவில்லை.

நேற்றுப் பிற்பகலும் மாதிரி வகுப்பு இருந்தது. இன்னாசித்தம்பி அவர்களுக்குக் கிடைத்த துண்டு, கெட்டிக்காரப் பிள்ளை. படிப்பித்தவர் நாலைந்து கேள்வி கேட்டார். எல்லாம் இலகுவான கேள்விகள். அவர் ஒரு தரமும் கை உயர்த்தவில்லை. ஒருவரும் அதைக் குறையாக எழுதவில்லை.

இன்று காலை மாமியிடம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கு நடந்து வந்தேன். அதுவும் பொய். சார்ஜன் அவர்கள் நான் முதலில் வாயால் சொன்னதை முழுதும் கேட்டபின் பேனாவை வைத்துவிட்டு, “திங்கட்கிழமை எல்லாம் முடிஞ்சிடும் பிள்ளை. இதை நான் எழுதினால் பிறகு முடிக்க ஏலாது. உம்மடை வேலையும் போம். வெளியிலை போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லும்” என்றார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதும்படி கேட்டேன்.

ஆகவே நான் சொல்வது. இன்னாசித்தம்பி அவர்களை நான் அடித்தது இரண்டாம் மணிக்குப் பின்பு. மணி அடித்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடித்தேன். அடித்தது ஆசிரியை அல்ல, சவிரிமுத்துவின் தமக்கை. என் தம்பிக்கு அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பொலிசில் கேட்க முடியாது. ஆனால் மணியைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அந்த மண்டபத்தில் நேற்று உண்மை சொன்னவர் அவர் ஒருவரே.

மற்றவர்கள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னதற்கு அவர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டேன். அதை நீதவான்தான் தீர்மானிப்பார் என்று சார்ஜன் அவர்கள் சொன்னார்.

இன்னொன்றும் கேட்டேன். திங்கட்கிழமை இதே வாக்குமூலத்தை அதே மண்டபத்தில், அந்த இருபத்தைந்து பேர் முன்னிலையில், இன்னாசித்தம்பி அவர்கள் இருக்கும்போது வாசிக்க வேண்டும். வாசிப்பதற்குப் பொலிசில் ஆள் இல்லை என்றால் நானே நின்று வாசிக்கிறேன். தம்பியின் பெயர் வரும் இடத்தையும் விடாமல் வாசிப்பேன்.

இது எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டப்பட்டது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை. நேற்று வைத்த கையொப்பத்துக்கு மாறாக இன்று இதன் கீழ் வைக்கும் கையொப்பத்தையே என்னுடையதாகக் கொள்ள வேண்டும். என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ப. மாக்கிறேற்