அழைத்தபோது ஆஜரில்லை

முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஆரணி தறிக்காரர்கள் ஊர். கேஸ் ஜெயித்த சந்தோஷத்தில் ஒருவர் என் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கொண்டுவந்தார். பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். என் மனைவி ஆதிலட்சுமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் கோர்ட்டில் தலைமை எழுத்தர். எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். நீதிபதிகள் வருவார்கள், மாறுதலாகிப் போவார்கள். அன்றன்றைக்கு எந்த வழக்குக் கட்டு எந்த வரிசையில் அவர்கள் மேசைக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது நான்தான். மாதக் கடைசியில் எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை என்று ஒரு ஸ்டேட்மெண்ட் மாவட்டத்துக்குப் போகும். நான்கு வருடமாக நிலுவை குறைந்த கோர்ட் எங்களுடையது. அலமாரியைத் திறந்தால் கட்டுகள் சரிந்து விழாது. அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

வழக்கை முடிக்கப் பல வழிகள் உண்டு. அதில் சுலபமானது, வாசலில் நின்று மனுதாரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவது. ஆள் வரவில்லை என்றால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம். சாட்சி விசாரணை வேண்டாம், நீளமாகத் தீர்ப்பும் வேண்டாம். ஸ்டேட்மெண்டில் அதுவும் முடிந்த வழக்குதான்.

ஆள் வராவிட்டால் இது தானாக நடக்கும். வந்திருந்தால் கொஞ்சம் உதவி தேவைப்படும்.

"உங்க கேஸ் சாப்பாட்டுக்கு அப்புறம்தாம்மா. போய் ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா வாங்க" என்பேன். காலையில் எதுவும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கேட்டைத் தாண்டியதும் அவர்கள் கட்டை எடுத்து மேலே வைப்பேன். மாதத்துக்கு நாலைந்து பேர்தான். திரும்பி வந்ததும், வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று நானே வழி சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் போடவில்லை. அவசரமில்லாதவர்கள் என்றுதானே அர்த்தம்.

ரோஸி தேவிகாபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவள். புருஷன் பிலவேந்திரன் அடித்ததில் இடது காது கேட்காது. அவன் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று எங்கள் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தாள். உத்தரவு நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா கையிலேயே கொண்டுவருவாள். கதவை ஒட்டித்தான் உட்காருவாள்.

"இங்க குந்தினா கூப்பிடறது கேக்கும் சார்" என்றாள் ஒருமுறை.

அன்று மாதத்தின் கடைசி வேலை நாள். போன மாதத்தைவிட நிலுவை ஒன்று கூடியிருந்தது. ஒன்றே ஒன்று. அவளுடைய சட்ட உதவி வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். நான் அவளைக் கூப்பிட்டு டீ குடிக்கப் போகச் சொன்னேன்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று எழுந்து போனாள்.

பெயர் கூப்பிடுகிற குணா வாசலில் தயங்கினான். "சார், அந்தம்மா கடையில நின்னுகினு இருக்காங்க. ஜல்தியா போய் கூட்டினு வந்துர்றேன்."

"கூப்பிடுறதுதான் உன் வேலை குணா" என்றேன்.

மூன்று முறை கூப்பிட்டான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றார். "அழைத்தபோது ஆஜரில்லை. தள்ளுபடி" என்று நீதிபதி கையெழுத்திட்டார். அதோடு இடைக்காலத் தடையும் போனது.

கால் மணி நேரத்தில் ரோஸி வந்துவிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் வக்கீலைத் தேடிப் பிடித்து, சாயங்காலத்துக்குள் வழக்கை மீட்டிருப்பாள். கணக்கில் அந்த ஒன்று திரும்ப ஏறிவிடும். அதனால், "வாய்தா ஆயிடுச்சும்மா. அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி வாங்க" என்றேன். பன்னிரண்டாம் தேதி நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"அதுவரிக்கும் இந்தப் பேப்பர் செல்லுமில்ல சார்?" என்று கவரைத் தூக்கிக் காட்டினாள்.

"செல்லும்" என்றேன்.

"அப்போ எம்பொண்ணுக்கு சாக்ஸ் வாங்கினு கெளம்புறேங்க. கம்பெனிக்குப் போட்டுகினு போகக் கேட்டுது."

நான்காம் நாள் பிலவேந்திரன் வந்தான். தடை போனது அவனுக்குத் தெரியும்; அவன் வக்கீல் சொல்லியிருப்பார். முன்பெல்லாம் அவன் குரல் கேட்டாலே ரோஸி பின்கதவு வழியாக அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடுவாளாம். அன்று ஓடவில்லை. தானே போய்க் கதவைத் திறந்து, கவரை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, கோர்ட் ஆர்டர் இருக்கிறது, உள்ளே வராதே என்றாளாம். பக்கத்து வீட்டு ஜெயம் கொடுத்த வாக்குமூலத்தில் இது இருக்கிறது. கொலை வழக்கின் குற்றப்பத்திரிகை எங்கள் கோர்ட்டுக்குத்தான் வந்தது. நான்தான் அதற்கு நம்பர் போட்டேன். அதோடு வந்த போட்டோவில் தறிக்குப் பக்கத்தில் அந்தக் கவர் கிடந்தது. உள்ளே இருந்த தாள் நனையவில்லை. அதன் ஓரத்தில் என் இனிஷியல் தெரிந்தது.

ஒரு வழக்கு முடிந்தது, ஒரு வழக்கு வந்தது. நிலுவை பழையபடி ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒரு தொந்தரவு. காலை பத்தரைக்குக் குணா யார் பெயரைக் கூப்பிட்டாலும், மூன்றாவது கூப்பாடு முடிந்ததும் கதவோரத்திலிருந்து "இருக்கேங்க" என்று ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டில் ஆதிலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டால் முதல் குரலிலேயே எழுந்துவிடுகிறேன். மூன்றாவது வரை விடுவதில்லை. வயதானதும் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் மகளிடம் போனில் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ரோஸியின் மகள் லிடியா வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். செய்யாறில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். தாயின் வழக்குத் தள்ளுபடியானதைப் போனில் பார்த்திருக்கிறாள். நகல் கேட்டு மனுப் போட்டிருந்தாள். நான்தான் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"அம்மா அன்னிக்கு வந்தாங்களேங்க. நான்தான் பஸ் ஏத்தி உட்டேன்."

"வந்திருப்பாங்க. கூப்பிட்டப்ப இல்லம்மா."

நகலை மடித்தாள். "நான்தாங்க சாக்ஸ் வாங்கினு வரச் சொன்னேன். அதுக்குத்தான் வெளிய போயிருப்பாங்களா?"

அவள் காலைப் பார்த்தேன். வெறும் ரப்பர் செருப்பு. கம்பெனிக்குப் போவதை விட்டுவிட்டாளாம். அந்த சாக்ஸைப் பார்த்தால் போட முடியவில்லையாம்.

பெயர் கூப்பிட்ட நேரத்தில் ரோஸி எந்தக் கடையில், யார் சொல்லிப் போய் நின்றாள் என்று தெரிந்தவன் நான். சாக்ஸ் வாங்கப் போனது எல்லாம் முடிந்த பிறகுதான் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

"இருக்கலாம்மா" என்றேன்.

நகல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது.

ரோஸியை டீக்கடைக்கு அனுப்பியது நான். பெயரைக் கூப்பிட வைத்தது நான். செல்லாத தாளைச் செல்லும் என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். அந்தப் பெண் சுமந்துகொண்டு திரிவதை ஒரு வார்த்தையில் இறக்கிவைக்க என்னால் முடியும். செய்வேன். நான் ஈரமில்லாதவன் அல்ல. இன்று இருபத்தொன்பதாம் தேதி, ஸ்டேட்மெண்ட் இன்னும் முடியவில்லை. அது போய்ச் சேரட்டும். லிடியாவை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன்.